பாசிட்டிவ் என்று வந்த அன்று

இரண்டு வருடங்களுக்கு முன்னால், ஒரு வைகாசி மாதம், சிறுவாச்சூர் பக்கத்தில் இருக்கும் என் அண்ணன் வீட்டில் நடந்தது இது. இப்போது நினைத்தாலும் முதலில் எரிச்சல்தான் வருகிறது, அழுகை அப்புறம்தான்.

அண்ணன் பருத்தியும் சின்ன வெங்காயமும் போடுகிற விவசாயி. ஒரு நாள் காட்டில் வேலை செய்யும்போதே வலிப்பு வந்து விழுந்துவிட்டார். திருச்சியில் ஸ்கேன் எடுத்தால் மூளையில் கட்டி. ஆபரேஷன் செய்து முடிந்தவரை எடுத்தார்கள். எடுத்த சதையை மைக்ரோஸ்கோப்பில் பார்த்ததில் வேகமாக வளர்கிற கட்டி மாதிரி தெரிகிறது, ஆனால் பார்வையை மட்டும் வைத்து இப்போதெல்லாம் பேர் சொல்வதில்லை, மரபணுப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறோம், அது வரட்டும் என்றார் டாக்டர்.

அந்த 'வரட்டும்' எங்கள் சொந்தபந்தத்தில் ஒருத்தர் காதிலும் ஏறவில்லை. 'வேகமா வளருது' மட்டும் ஊர் முழுக்கப் போய்ச் சேர்ந்துவிட்டது. அரியலூரிலிருந்து நான் போகும்போதெல்லாம் வாசல் நிறையச் செருப்பு. ஆப்பிளும் பிஸ்கட்டும் வாங்கிக்கொண்டு வருவார்கள், கட்டிலில் உட்கார்ந்திருக்கும் மனுஷனை ஒரு பார்வை பார்ப்பார்கள், மூக்கைச் சிந்துவார்கள், உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போவார்கள். நோயைப் பற்றி அண்ணனிடம் யாரும் மூச்சுவிடக் கூடாது என்று கட்டளை வேறு. சுற்றி உட்கார்ந்து இத்தனை பேர் அழுதால் அவருக்குத் தெரியாதாம்!

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டிருப்பேன். பெரியப்பா ஆரம்பித்ததுதான் தாங்கவில்லை. அப்பன் கண் மூடுவதற்குள் அண்ணன் மகள் கழுத்தில் தாலி ஏறிவிட வேண்டும், அவன் கண்ணால் பார்த்துவிட்டுப் போகட்டும் என்று மாப்பிள்ளையே பார்த்துவிட்டார். எங்கள் பக்கம் இப்படி அவசரக் கல்யாணம் நடப்பது புதிதில்லை. திருமானூர்க்காரர்கள், கரும்பு போடுகிற நல்ல குடும்பம். ஆனால் பெண்ணை மேலே படிக்க வைக்க முடியாது என்று முதலிலேயே சொல்லிவிட்டார்கள். அண்ணன் மகளுக்குக் கல்லூரியில் இன்னும் ஒரு வருடம் பாக்கி. அது முடிந்து பி.எட். படித்து டீச்சராக வேண்டும் என்பது அவள் ஆசை. அண்ணிக்கு எதிர்த்துப் பேசத் தெம்பில்லை. அந்தப் பெண் என்னிடம் மட்டும் தனியாகக் கேட்டாள்.

"அப்பாவுக்காகன்னா நான் கட்டிக்கிறேன் அத்தை. ஆனா நெசமாவே அவ்வளவுதானா?"

நான் அவள் தலையைக் கோதிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டேன்.

ஒரு வெள்ளிக்கிழமை சாயந்திரம் மாப்பிள்ளை வீட்டார் பூ வைத்து நிச்சயம் செய்ய வருவதாக ஏற்பாடு. அன்று காலையில்தான் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. ரிசல்ட் வந்துவிட்டது, டாக்டரைப் பாருங்கள் என்றார் ஒரு பெண். என்னம்மா வந்திருக்கு என்று நான் விடாமல் பிடுங்கியதில், ஜீன்ல மாற்றம் இருக்கு, பாசிட்டிவ், மற்றதை டாக்டர் சொல்வார் என்று வைத்துவிட்டார். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் எல்லோரும் கேட்டார்கள். அண்ணி அப்படியே சரிந்து உட்கார்ந்துவிட்டார். கொரோனாவுக்குப் பிறகு பாசிட்டிவ் என்றால் என்னவென்று யாருக்குத் தெரியாது?

பெரியப்பா மட்டும் தெளிவாக இருந்தார். "அதான் பாசிட்டிவ்னு வந்துடுச்சே. இன்னும் திருச்சிக்குப் போயி என்னாத்த கேக்கப் போறீங்க? வர்ற முகூர்த்தத்துலயே முடிச்சிடுவோம்."

வந்த கோபத்தில் அண்ணன் மகள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு திருச்சி பஸ் ஏறிவிட்டேன்.

நாங்கள் அழுதுகொண்டே உள்ளே போனதும் டாக்டர்தான் குழம்பிப்போனார். காரணத்தைச் சொன்னதும், "அந்த மாற்றம் இல்லேன்னு வந்திருந்தாத்தாங்க நான் பயந்திருப்பேன்" என்றார். கட்டியின் மரபணுவில் அந்த மாற்றம் இருப்பதுதான் நல்லதாம். அதோடு குரோமோசோம்களில் இரண்டு துண்டுகள் சேர்ந்தாற்போல் காணாமல் போயிருக்கின்றன, அதனால் இது நாம் பயந்த வகையே இல்லை, ரேடியேஷனுக்கும் மருந்துக்கும் நன்றாகக் கட்டுப்படும் வகை என்றார். அடியோடு போய்விடும் என்று வாக்குக் கொடுக்க மாட்டேன், திரும்பவும் வரலாம், ஸ்கேன் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். ஆனால் நாம் பேசுவது மாதக்கணக்கில் இல்லை, வருடக்கணக்கில் என்றார். கடைசியில் சொன்னதை மட்டும் திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்டேன்.

வீட்டுக்கு வந்தால் மாப்பிள்ளை வீட்டார் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். தட்டில் மல்லிகைப் பூ தயாராக இருக்கிறது. நான் விஷயத்தைச் சொன்னதும் பெரியப்பா, "ஆறுதலுக்குச் சொல்லியிருப்பாரு" என்று கையை உதறினார். பாசிட்டிவ் எப்படி நல்லதாகும் என்று கூடத்தில் ஆளுக்கொரு பேச்சு. திருச்சிக்குப் போய்வந்தது நான், விளக்கம் சொல்வது அவர்கள்.

அப்போது உள்ளே இருந்து அண்ணன் என்னைக் கூப்பிட்டார். "எனக்கு என்னன்னு எங்கிட்ட யாராச்சும் சொல்லுவீங்களா?"

கட்டளையாவது ஒன்றாவது என்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் முழுவதையும் கேட்டுக்கொண்டார். பிறகு, "ரெண்டு வெதையும் பாக்க ஒண்ணு மாதிரிதான் இருக்கும், மொளைச்சாத்தானே தெரியும்" என்றார். எனக்கு அவ்வளவு நேரம் புரியாதது அவருக்கு ஒரு நிமிடத்தில் புரிந்துவிட்டது. என் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்து கூடத்துக்கு வந்தார். திருமானூர்க்காரர்களுக்குக் கை கூப்பினார்.

"மன்னிச்சுக்கங்க. நான் சாவறேன்னு சொல்லி உங்களக் கூப்பிட்டிருக்காங்க. எனக்கு இப்ப அதுக்கு நேரமில்ல. எம்புள்ள படிக்கட்டும்."

அவர்கள் கௌரவமானவர்கள். காபியைக் குடித்துவிட்டு, உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அந்த மல்லிகையை அண்ணிதான் வைத்துக்கொண்டார்.

ரேடியேஷன் முடிந்தது, மாத்திரையும் முடிந்தது. அண்ணன் இப்போது காட்டுக்குப் போகிறார். சில சமயம் வார்த்தை தடுமாறுகிறது. ஒவ்வொரு ஸ்கேனுக்கும் நாங்கள் பயந்துகொண்டேதான் போகிறோம். மகள் பி.எட். படிக்கிறாள். பெரியப்பா இன்னமும் என்னைப் பார்த்தால், அந்த பாசிட்டிவ் சரியாகிவிட்டதா என்று கேட்கிறார். சரியாகக் கூடாது பெரியப்பா என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொல்கிறேன்.

இப்போதெல்லாம் நோயாளியைப் பார்க்கப் போனால், வாசலில் இருப்பவர்களிடம் எதுவும் விசாரிப்பதில்லை. நேரே உள்ளே போய் அவரிடமே பேசுகிறேன், ஏனென்றால் அன்று அத்தனை பேர் கூடி அண்ணனின் சாவுக்கு ஏற்பாடு செய்துகொண்டிருந்தோம், பக்கத்து அறையில் உயிரோடு இருந்தவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை.