எக்ஸ்ரேயில் அரிசிமணிகள்: தவமலர் டீச்சருக்கு

தவமலர் டீச்சர் இறந்துவிட்டார் என்ற செய்தி, பாடசாலைக் காலைக் கூட்டத்தில் பிள்ளைகள் தேவாரம் பாடிக்கொண்டிருந்தபோது கைபேசியில் வந்தது. பாட்டை நிறுத்தச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வாகரையில் அவரை அறிந்த உங்களில் பலருக்கு, வலிப்பு வந்து விழுந்த டீச்சர் என்பதோடு அவர் கதை முடிந்திருக்கும். பக்கத்து வகுப்பில் கணிதம் படிப்பித்தவள் நான். மீதியைச் சொல்லவேண்டும்.

அவர் இந்தியாவில் அகதி முகாமில் வளர்ந்து, அங்கேயே பட்டம் பெற்று, சில ஆண்டுகளுக்கு முன் தாயோடு ஊர் திரும்பியவர். விஞ்ஞானம் படிப்பித்தார். கைகளில் தோலுக்கடியில் சிறு கட்டிகள் வந்தபோது, நோகவில்லை என்று விட்டுவிட்டார். பிறகுதான் கரும்பலகைக்கு முன்னால் விழுந்தார். மட்டக்களப்பு நகரத்து ஆஸ்பத்திரியில் ஒரு கட்டியை வெட்டியெடுத்துப் பரிசோதித்தார்கள். நாடாப்புழுவின் குடம்பி, அதாவது இளம்புழு. எக்ஸ்ரேயில் தொடை, தோள் எங்கும் அரிசிமணிகளைச் சிதறியதுபோல் வெள்ளைப் புள்ளிகள். ஸ்கேனில் மூளை நிறைய அவையே. கண்ணிலும் ஒன்று.

பன்றி இறைச்சி தின்றதால் வந்தது என்று ஊர் பேசியது. அவரோ இறைச்சியே தொடாதவர். "தின்னத் தேவையில்ல டீச்சர். புழு இருக்கிற ஆள்ற மலத்தில போற முட்டை, கையாலயோ தண்ணியாலயோ வாய்க்குள்ள போனாலே போதும்," என்று கட்டிலில் இருந்தபடியே எனக்குப் படிப்பித்தார்.

புழுவைக் கொல்லும் மருந்து இருந்தது. அதைத்தான் கொடுக்க முடியவில்லை.

"எல்லாம் ஒரேயடியாச் செத்தா மூளை இன்னும் வீங்கும். கண்ணும் போகலாம். முதல்ல வீக்கத்தைக் குறைப்பம்," என்றார் வைத்தியர்.

"அதுவரைக்கும் நான் என்ன செய்யிற டொக்டர்? அதுகளோட சேர்ந்து இருக்கிறதா?"

வலிப்பு மாத்திரையும் வீக்கத்துக்கான ஊசியும் தொடர்ந்தன. வீக்கம் குறையவில்லை.

இதற்கிடையில் வீட்டிலுள்ளவர்களையும் பரிசோதித்தார்கள். தாயின் குடலில் நாடாப்புழு இருந்தது. ஒரேயொரு வேளை மருந்தோடு அது போய்விட்டது.

"அங்க முகாமில பண்டி இறைச்சி திண்டது நான். இவளுக்குச் சோறு குழைச்சுக் குடுத்ததும் நான்," என்று தாய் வார்ட்டிலேயே தலையில் அடித்துக்கொண்டார். தவமலர் அந்தக் கையைப் பிடித்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டார்.

"முகாமில எல்லாரும் ஒரே தண்ணியத்தானே குடிச்சம். ஆர்ர கையால வந்ததெண்டு ஆருக்கம்மா தெரியும்? நீங்க சமைச்சதத்தான் திண்டு வளந்தன். இனியும் அதத்தான் தின்னுவன்."

அதற்குப் பிறகு தவமலரால் அதிகம் சாப்பிட முடியவில்லை. தலைவலி கூடியது, பார்வை மங்கியது. கடைசியாக நான் பார்க்கப் போனபோது என்னை யாரென்று அவருக்குத் தெரியவில்லை. தாயையும் தெரியவில்லை.

காரியங்கள் முடிந்தபின் வீட்டுக்குப் போனேன். அடுப்பு மூட்டப்பட்டிருக்கவில்லை. பக்கத்து வீட்டுச் சாப்பாடு மூடியபடி இருந்தது. "இதெல்லாம் எழுதுங்க புள்ள. மத்த வீடுகளாவது நேரத்தோட போய்க் காட்டட்டும்," என்றார் தாய். எனக்கு ஒரு தேத்தண்ணி போட்டுத் தாருங்கள் என்று கேட்டேன். இரண்டு கைகளையும் சேலைக்குள் மறைத்துக்கொண்டார்.

வார்ட்டில் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு மகள் சொன்னதை நினைவூட்டினேன். இல்லை என்று தலையாட்டினார். தவமலரிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அந்த வார்த்தைகள்தான். அவை யாருக்காகச் சொல்லப்பட்டனவோ, அவர் இன்னும் அவற்றை வாங்கிக்கொள்ளவில்லை.