ஈர்க்குச்சி அளக்காத விரல்

செருப்பு விற்பவன் வாடிக்கையாளரின் முகத்தைக் கடைசியாகத்தான் பார்ப்பான். கொடைக்கானல் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் இருபது வருடம் குனிந்தே பிழைத்திருக்கிறேன். குனிந்து பிழைக்கும் யாருக்கும் என் முதுகுவலி புரியும்.

பஸ்ஸில் வந்த கால்

மலைக்கோடியில் இருக்கும் கிளாவரை ஊர்க்காரர்கள் செருப்பு வாங்க நேரில் வரமாட்டார்கள். பாதத்தின் நீளத்துக்கு ஓர் ஈர்க்குச்சியை ஒடித்து, கண்டக்டரிடம் கொடுத்தனுப்புவார்கள். குச்சிக்குச் சரியான ஜோடி மறு பஸ்ஸில் ஏறும்.

கேரட் விவசாயி கருப்பையாவின் குச்சியும் அப்படித்தான் வந்தது. ஒரு ஹோட்டலில் வாட்ச்மேன் வேலை கிடைத்திருந்தது. திங்கட்கிழமை கறுப்பு ஷூவோடு வந்து நிற்க வேண்டும், ஷூ இல்லாவிட்டால் வேலை இல்லை என்று சொல்லிவிட்டார்களாம். எட்டாம் நம்பர் அனுப்பினேன். சனிக்கிழமை காலை ஷூவைக் கையில் பிடித்தபடி மனைவி பேச்சியம்மாவுடன் அவரே வந்து நின்றார்.

"நீளம் சரியாத்தாண்ணே இருக்கு. அகலத்துக்கு இன்னொரு குச்சி அனுப்பணும்னு யாரும் சொல்லலையே."

ஏழு கும்பிடு

காலைத் தூக்கி வையுங்கள் என்றேன். மனுஷன் நெளிந்தார். கால் என் கையில் பட்ட உடனே, என் கையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். ஏழு ஜோடி மாட்டினோம், ஏழு முறை ஒற்றிக்கொண்டார்.

சரிவில் வெறுங்காலோடு மண்ணைப் பிடித்து நின்று பழகிய பாதம் அது. வலது சுண்டுவிரல் கூட்டத்தில் சேராமல் தனியே வெளியே பார்த்தது. எட்டாம் நம்பர் எதிலும் அது அடங்கவில்லை. பேச்சியம்மா குனிந்து உற்றுப் பார்த்தார்.

"பதினெட்டு வருசம் குடும்பம் நடத்தியிருக்கேன், இந்த வெரலு இப்படி மொறைச்சுக்கிட்டு நிக்கும்னு இன்னிக்குத்தாண்ணே பாக்குறேன்!"

குதிகாலின் கட்சி

ஒன்பதாம் நம்பர் கொடுத்தேன். சுண்டுவிரல் சமாதானமானது, குதிகால் கட்சி மாறிவிட்டது. இரண்டடி வைத்தார், கால் முன்னே போனது, ஷூ அங்கேயே நின்றது. உள்ளே தடித்த காலுறை போட்டதும் குதிகால் அடங்கியது, சுண்டுவிரல் மறுபடி கொதித்தது. வேறு கடைகளில் கேட்டுப் பாருங்கள் என்று சொன்னேன். எல்லாக் கடையும் ஏறி இறங்கிவிட்டுத்தான் வந்தாராம். வேலை கையை விட்டுப் போகிற பயம் முகத்தில் தெரிந்தது. நான் முகத்தைப் பார்த்ததே அப்போதுதான்.

"நிக்கிற சோலிதானண்ணே, ஒம்பதையே குடுங்க. ஓடுன்னு சொன்னா மட்டுந்தான் மாட்டிக்கிடுவேன்."

பேச்சியம்மாவின் வைத்தியம்

திருடன் வந்தால் வாட்ச்மேன் ஓடித்தானே ஆக வேண்டும்? நான் தயங்கி நின்றபோது பேச்சியம்மா, "எட்டையே எடுங்க. கத்தி இருக்கா?" என்றார். புது ஷூ என்றும் பாராமல் கத்தியை எடுத்தேன். விரல் முட்டும் இடத்தில் அரை அங்குலம் கீறினேன். சுண்டுவிரல் சன்னல் வழியே எட்டிப் பார்த்தது. காலுறை போட்டால் இறுக்கும் என்பதால் அதுவும் இல்லை. கல்லாவில் இருந்த கறுப்பு பாலிஷ் டப்பாவை எடுத்து, பேச்சியம்மா அந்த விரலுக்கே பூசிவிட்டார். இரண்டடி தள்ளி நின்று பார்த்தால் எனக்கே ஷூ எது, விரல் எது என்று தெரியவில்லை.

திங்கட்கிழமை மேனேஜர் வாட்ச்மேன்களை வாசலில் வரிசையாக நிறுத்தி ஷூ பார்த்தாராம். கருப்பையாவிடம் வந்ததும் நின்று, மற்றவர்களைத் திரும்பிப் பார்த்து, பாலிஷ் என்றால் இப்படி ஓரம் வரைக்கும் போடணும் என்றாராம். வேலை நிலைத்தது. இதைச் சொல்லவும் இரண்டாவது டப்பா வாங்கவும் பேச்சியம்மா வந்திருந்தார்.

"எம்மூஞ்சிக்குப் பவுடர் போட நேரமில்லண்ணே, இந்த மனுசன் சுண்டுவெரலுக்கு வெள்ளனே எந்திரிச்சு மேக்கப் போட்டுக்கிட்டு இருக்கேன்!"

மனிதனைத் தாங்குவது பாதம் என்கிறார்கள். அவன் வேலைக்குப் போவதா வேண்டாமா என்று தீர்மானிப்பதென்னவோ வரிசையில் கடைசியாக நிற்கும் விரல்தான்.