மூன்றாம் பலகையைத் திருப்பிய புதன்கிழமை

2022 ஜூன் 22, புதன்கிழமை. காலை ஏழு நாற்பதுக்கு மதுக்கரை ரோட்டில் உள்ள என் மரப்பட்டறையின் ஷட்டரைத் தூக்கினேன். முந்தின நாள் இழைப்புச் சுருளைக் கூட்டிச் சாக்கில் கட்டினேன். பசை டப்பாக்களின் வாயைத் துடைத்தேன். இழைப்புளிகள் மூன்றுக்கும் எண்ணெய் விட்டேன். எட்டு மணிக்கு நாச்சிமுத்து வந்தார். எட்டு ஐந்துக்கு டீ வந்தது. எட்டு இருபதுக்கு சர்ஃபேஸ் பிளேனர் புகைந்தது. என் நாட்குறிப்பில் இதே வரிசையில்தான் இருக்கிறது.

பலகையின் ஓரத்தை நேராக்க எங்களிடம் இருந்த ஒரே மெஷின் அது. மோட்டாரைக் கழற்றி ரீவைண்டிங் கடைக்கு அனுப்பினேன். கடைக்காரர் போனில் சொன்னார்:

"காயில் பூராக் கருகிப் போச்சுங்க. சனிக்கெழம பாக்கலாமுங்க."

சனிக்கிழமை எனக்குப் பயனில்லை. பெஞ்சில் கிடந்த ஐந்து தேக்குப் பலகைகள் அன்று மாலைக்குள் பசை போட்டு ஒரே மேஜைப் பலகை ஆகவேண்டும். பீளமேட்டில் பம்ப் பட்டறை நடத்தி ஓய்வு பெற்ற கோவிந்தராஜுலு என்பவருக்கு ஆறடிச் சாப்பாட்டு மேஜை. வெள்ளிக்கிழமை காலை அவர் மகளுக்கு நிச்சயம். மாப்பிள்ளை வீட்டார் எட்டுப் பேர் அந்த மேஜையில்தான் சாப்பிடப் போகிறார்கள். பழைய மேஜையை அவர் முன்கூட்டியே தங்கை வீட்டுக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டார்.

இதற்கு மேல் ஒரு நிபந்தனையும் இருந்தது. ஆர்டர் கொடுத்த அன்றே அவர் சொல்லியிருந்தார்:

"பசை போடறதுக்கு முன்னால நான் வந்து பாப்பேனுங்க. இடுக்குல என்ற ஃபீலர் கேஜ்ல அம்பது மைக்ரான் தகடு போகக்கூடாது. போச்சுன்னா பசை போட உடமாட்டேன்."

ஃபீலர் கேஜ் என்பது இன்ஜின் வேலைக்காரர்கள் இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகளின் கொத்து. மேஜைக்கு அதைக் கொண்டுவந்த வாடிக்கையாளர் என் தொழிலில் அவர் ஒருவர்தான்.

"ஏனுங்ணா, இது மேசைங்களா, பம்புங்களா?" என்றார் நாச்சிமுத்து. என்னோடு பதினெட்டு வருஷமாக வேலை செய்பவர். கை வேகம், வாய் அதைவிட வேகம்.

மெஷின் இல்லாமல் ஓரத்தை நேராக்க ஒரு வழி உண்டு. புதிதாக வருகிறவர்கள் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும். சேரவேண்டிய இரண்டு பலகைகளையும் புத்தகத்தை மூடுவதுபோல் முகத்தோடு முகம் வைத்து, ஓரங்கள் மேலே வரும்படி பெஞ்ச் வைஸில் இறுக்கிப் பிடிக்க வேண்டும். பிறகு நீள இழைப்புளியால் இரண்டு ஓரங்களையும் ஒரே தள்ளில் சேர்த்து இழைக்க வேண்டும். எவ்வளவு தேர்ந்த கையாக இருந்தாலும் இழைப்புளி ஒரு பக்கம் கொஞ்சம் சாயும். நாச்சிமுத்துவுக்கு வலப்பக்கம் சாயும். சாய்ந்தாலும் பரவாயில்லை. புத்தகத்தைத் திறந்தால் ஒன்று வெளியே சாய்ந்த அளவுக்கு மற்றது உள்ளே சாய்ந்திருக்கும், இரண்டும் ஒட்டிக்கொள்ளும்.

கவலை அகலத்தில் இருந்தது. மேஜை முப்பத்தாறு அங்குலம். ஐந்து பலகைகளையும் சேர்த்தால் முப்பத்தாறு அங்குலம் மூன்று நூல். அங்குலத்துக்கு எட்டு நூல். அதாவது நான்கு இணைப்புகளுக்கும் சேர்த்து மூன்று நூல் மட்டுமே இழைக்கலாம். அதே மரத்தில் வேறு பலகை கிடையாது.

பலகைகள் வரிசை மாறாமலிருக்க முனையில் சாக்பீஸால் கோடு போட்டேன். முதல் பலகைக்கு ஒரு கோடு, ஐந்தாவதற்கு ஐந்து கோடு. எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் தெரியட்டும் என்று இரண்டு முனைகளிலும் போட்டேன். எந்த முனை ஜன்னல் பக்கம், எந்த முனை வாசல் பக்கம் என்பதை நோட்டில் தெளிவாக எழுதிவைத்தேன். பலகையில் எழுதவில்லை.

இரண்டு மணிக்கு நான்கு இணைப்புகளும் தயார். பலகைகளை அடுக்கிப் பின்னால் டார்ச் பிடித்தேன். ஒரு பொட்டு வெளிச்சம்கூட வரவில்லை. அகலம் முப்பத்தாறு அங்குலம் ஒரு நூல்.

மூன்று மணிக்குக் கோவிந்தராஜுலு வந்தார். சட்டைப் பையிலிருந்து ஃபீலர் கேஜை எடுத்தார். கண்ணாடியை மாற்றிக்கொண்டு நான்கு இணைப்புகளிலும் பத்துப் பத்து இடத்தில் தகட்டை வைத்துப் பார்த்தார். எங்கும் நுழையவில்லை.

"பரவால்லீங்களே! கையில இழைச்சதுங்களா இது?"

நாச்சிமுத்து மீசையைத் தடவிக்கொண்டார். இருந்த பசை போதாது என்று வாங்கி வர நான் சைக்கிளை எடுத்தேன். இருபது நிமிஷத்தில் திரும்பினேன். அதற்குள் பட்டறையில் சண்டை.

"இத்தன நேரம் இல்லாத இடுக்கு இப்ப எப்புடீங்க வரும்?" என்றார் நாச்சிமுத்து.

"அதத்தானுங்க நானும் கேக்கறேன். முந்நூறு மைக்ரான் தகடு சும்மா உள்ள போகுது!"

"உங்க தகட்டத்தான் செக் பண்ணோணும்."

"தகடு ஜெர்மனிங்க!"

"ஜெர்மனிக்காரன் தேக்கப் பாத்திருக்கானுங்களா?"

இரண்டாம் பலகைக்கும் மூன்றாம் பலகைக்கும் நடுவே மேலே இடுக்கு. குனிந்து பார்த்தேன். மூன்றுக்கும் நான்குக்கும் நடுவே அடியில் இடுக்கு. தரையில் புதுச் சுருள் கிடந்தது. நாச்சிமுத்து ரோஷப்பட்டு, மூன்றாம் பலகையின் ஓர் ஓரத்தைத் தனியாகப் பிடித்து இழைத்திருக்கிறார். இடுக்கு போகவில்லை, அரை நூல் போய்விட்டது.

மூன்றாம் பலகையில் ஐந்து ரூபாய்க் காசு அளவில் ஒரு முடிச்சு உண்டு. நான் போகும்போது அது ஜன்னல் பக்கம் இருந்தது. இப்போது வாசல் பக்கம் இருந்தது.

"இந்தப் பலகையத் திருப்புனீங்களா சார்?"

"ஆமாங்க. அந்த மொனையிலதானுங்க சம்பந்தி உக்காருவாரு. எலை போட்டா முடிச்சு நேரா அவர் மூஞ்சிக்கு எதுக்கால. தலைமாட்டக் கால்மாடாத் திருப்பிப் போட்டேன். கோடு மூணு, மூணாவது எடத்துலதானுங்க இருக்குது. மட்டம் எப்படித் திருப்புனாலும் மட்டந்தானுங்களே?"

பம்ப் செய்கிறவருக்கு அது சரி. எங்கள் பலகை தனியாக மட்டம் இல்லை. தன் ஜோடியோடுதான் மட்டம். ஒன்றை மட்டும் திருப்பினால் சாய்வும் சாய்வும் ஒரே பக்கம் விழுந்து வாய் பிளக்கும். இதை இரண்டு அட்டைத் துண்டுகளை வைத்து விளக்கினேன். அவருக்கு உடனே புரிந்தது. புரிந்ததும் முகம் வாடிவிட்டது.

பலகையைப் பழையபடி வைத்தால் நாச்சிமுத்து கெடுத்த ஒரே இணைப்பை மட்டும் மறுபடி இழைத்தால் போதும். திருப்பியபடியே வைத்தால் இரண்டையும் இழைக்க வேண்டும். அகலம் முப்பத்தைந்தே முக்காலுக்கு இறங்கிவிடும்.

"முடிச்சு சம்பந்திக்கு முன்னால வரக்கூடாது. அகலமும் கொறையக்கூடாது," என்றார் கோவிந்தராஜுலு. காகிதம் வாங்கிக் கணக்குப் போட்டார். நானும் நோட்டில் போட்டேன். நாச்சிமுத்து, முடிச்சைத் தோண்டி எடுத்துவிட்டு மரப்பொட்டு வைக்கலாம் என்றார். நாலே கால் ஆயிற்று.

அப்போது கோவிந்தராஜுலுவின் மனைவி போனில் அழைத்தார். பூக்காரர் வந்து நிற்கிறாராம். இவர் ஸ்பீக்கரில் போட்டு, முடிச்சு, சம்பந்தி, சாய்வு, நூல், மைக்ரான் எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னார். அந்தம்மா பொறுமையாகக் கேட்டார்.

"ஏனுங்க, முடிச்சு சம்பந்தி பக்கம் வரக்கூடாது, அவ்வளவுதானுங்க?"

"ஆமா."

"அப்ப ஊட்டுக்குக் கொண்டாந்து மேசையத் திருப்பிப் போட்டாப் பத்தாதுங்களா?"

மேஜையின் இரண்டு முனைகளும் ஒன்றுபோலத்தான். எங்கள் மூன்று பேருக்கும் சேர்த்து அந்த இடத்தில் எண்பது வருஷ அனுபவம் நின்றுகொண்டிருந்தது.

"பூக்காரருக்கு என்னங்க சொல்லட்டும்?" என்று போன் கேட்டது.

மூன்றாம் பலகையைப் பழையபடி வைத்து, கெட்ட இணைப்பைப் புத்தகமாக மடக்கி மறுபடி இழைத்தோம். இந்த முறை வாடிக்கையாளரை வாசலில் நாற்காலி போட்டு உட்காரவைத்தேன். தகடு நுழையவில்லை. அகலம் முப்பத்தைந்து அங்குலம் ஏழரை நூல். அரை நூல் குறைவு. நான் சொல்லிவிட்டேன்.

"உடுங்க," என்றார். அன்று அவர் டேப்பை எடுக்கவே இல்லை. ஆறரைக்குப் பசை போட்டு ஆறு கிளாம்ப் மாட்டினோம்.

தவறு என்னுடையது என்று அன்றைய குறிப்பின் அடியில் எழுதியிருக்கிறேன். பலகைக்குத் தெரியவேண்டியதை நோட்டில் எழுதினேன். இப்போது எல்லாப் பலகைகளுக்கும் குறுக்கே ஒரே பெரிய முக்கோணம் வரைகிறேன். எதைத் திருப்பினாலும் முக்கோணம் உடைந்து காட்டிக்கொடுத்துவிடும். இன்னொன்றும் கற்றேன்: பாகத்தைத் திருப்புவதற்கு முன், முழுசையும் திருப்ப முடியுமா என்று கேட்க வேண்டும்.

மறுநாள் வியாழக்கிழமை, ஏழு நாற்பதுக்கு ஷட்டரைத் தூக்கியதும் வேறெதையும் தொடாமல் கிளாம்ப்களை அவிழ்த்தேன். நீளத்தில் மிச்சம் விட்டிருந்த முனையிலிருந்து ஓர் அங்குலத் துண்டு அறுத்து, மறுபடி இழைத்த இணைப்பு பெஞ்ச் விளிம்பில் வரும்படி பிடித்து ஓங்கி அடித்தேன். துண்டு இரண்டானது. எடுத்து வெளிச்சத்தில் பார்த்தேன். உடைந்தது பக்கத்து மரம். இணைப்பு அப்படியே இருந்தது.