முப்பத்தொரு நாள் கழிந்த பிறகு வந்த குளிர்

மகளின் பிள்ளைப்பேறு பார்க்க லண்டன் போன என் மனைவி, ஏழாவது கிழமை, வீடு திரும்பப் போவதாக அறிவித்தாள். காரணம் குளிர். வெளியில் இருக்கும் குளிர் அல்ல. அதை எதிர்பார்த்து இரண்டு ஸ்வெட்டருடன்தான் போனாள். வீட்டுக்குள் இருந்த குளிர்.

மகளின் வீட்டில், சமைக்கும் குசினி அலுமாரி ஒன்றுக்குள் பொயிலர் இருக்கிறது. அது தண்ணீரைச் சூடாக்கிக் குழாய் வழியாக ஒவ்வோர் அறைக்கும் அனுப்பும். சுவரில் பொருத்திய இரும்புத் தகடுகளுக்குள் அந்தத் தண்ணீர் ஓடி அறையைச் சூடாக்கும். அப்படித்தான் நடக்க வேண்டும். நடக்கவில்லை.

"அம்மா வெள்ளிக்கிழமைக்குப் பிளேன் ரிக்கற் போடச் சொல்லிப்போட்டா அப்பா," என்றாள் மகள் போனில். அவளுக்கு வயிற்றை வெட்டித்தான் பிள்ளை எடுத்தார்கள். குனிந்து நிமிர முடியாது. மருமகன் விடியப் போனால் பொழுதுபடத்தான் வருவார். "அம்மா போனால் நான் தனிய என்னெண்டு சமாளிக்கிறது? நீங்கள்தான் ஏதாவது செய்யவேணும்."

வன்னியில், தர்மபுரத்தில் இருந்துகொண்டு லண்டன் வீட்டைச் சூடாக்குவது எப்படி என்று எனக்குத் தெரியவில்லை. அதோடு, ஏழு கிழமையாக மூன்று நேரமும் நானே சமைத்ததை நானே சாப்பிட்டு வந்தவன் என்ற முறையில், வெள்ளிக்கிழமை எனக்கு அவ்வளவு மோசமான நாளாகவும் படவில்லை. இதை மகளிடம் சொல்லவில்லை.

எங்கள் ஒழுங்கையின் முடிவில் தண்ணீர் மோட்டார் திருத்துபவர் ஒருவர் இருக்கிறார். குழாய்க்குள் தண்ணீர் ஏன் போகவில்லை என்ற கேள்விக்குப் பதில் சொல்லியே தலை நரைத்தவர். மலைநாட்டுத் தேயிலைத் தோட்டமொன்றின் லயத்து வீட்டில் பிறந்து, சிறுவயதில் பெற்றோருடன் வன்னிக்கு வந்தவர் என்பதால், ஊரில் குளிரைப் பற்றிப் பேசும் தகுதி தனக்கு மட்டுமே உண்டு என்பது அவர் கருத்து. மார்கழியில் நாங்கள் காதை மூடிக்கொண்டு திரிந்தால் சிரிப்பார். "இதெல்லாம் குளிராண்ணே? எங்க லயத்துல காலையில தண்ணிய வாயில வச்சா பல்லு கையோட வந்துரும்." இதைச் சொல்லும்போது அவர் தலையிலும் கம்பளித் தொப்பி இருக்கும்.

வியாழன் பின்னேரம் ஐந்து மணிக்கு அவருடைய பட்டறையில், பிரித்துப் போட்ட மோட்டார் ஒன்றில் போனைச் சாய்த்து வைத்து லண்டனை அழைத்தோம். அங்கே அப்போது மதியம் ஆகவில்லை. திரையில் மனைவி வந்தாள். இரண்டு ஸ்வெட்டர், அதற்கு மேல் போர்வை, தலையில் மருமகனின் உதைபந்தாட்டக் கழகத் தொப்பி.

"அக்கா, அந்தத் தகட்ட மேல தொட்டுப் பாருங்க," என்றார் மோட்டார்காரர்.

"குளிர்."

"கீழ?"

"அதுவும் குளிர்."

"நடுவுல?"

"தம்பி, மேலயும் குளிர், கீழயும் குளிர் எண்டால் நடுவிலை என்ன அடுப்பே எரியும்?"

"காத்து புடிச்சிருக்கு," என்று அவர் என்னிடம் தீர்ப்புச் சொன்னார். குழாய்க்குள் காற்று அகப்பட்டால் மோட்டார் எவ்வளவு உறுமினாலும் தண்ணீர் வராது. வயலில் எல்லோருக்கும் தெரிந்த விசயம். தகட்டின் மேல் மூலையில் காற்றை வெளியேற்ற ஒரு சிறிய ஆணி இருந்தது. மகள் அதன் திறப்புச் சாவியைத் தேடி எடுத்துத் திருகினாள். மனைவி கீழே கறிக்கோப்பை பிடித்தாள். பாம்பு சீறுவதுபோலச் சத்தம் வந்தது. "அதான்! அதான்!" என்று இங்கே மோட்டார்காரர் எழும்பிக் குதித்தார். அடுத்த கணம் கறுப்புத் தண்ணீர் பாய்ந்தது. கறிக்கோப்பைக்குள் கொஞ்சமும் மேல் ஸ்வெட்டருக்குள் மிச்சமும் போயிற்று.

குளிர் போகவில்லை. ஸ்வெட்டர்தான் ஒன்று குறைந்தது. மகளின் அதிர்ஷ்டம், அந்த வெள்ளிக்கிழமைக்கு விமானத்தில் இடம் கிடைக்கவில்லை. அடுத்த வெள்ளி என்று தள்ளிப் போட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் அழைத்தோம். மருமகன் வீட்டில் நின்றார். அவருக்கு இந்தக் குளிர் பற்றி ஆரம்பத்திலிருந்தே ஒரு சந்தேகம் இருந்தது. வீட்டின் சூட்டை அளந்து பொயிலரை இயக்கும் தெர்மோஸ்டாட் என்ற சிறிய பெட்டி முன்னறைச் சுவரில் இருக்கிறது. அது இருபத்துமூன்று பாகை என்று காட்டியது.

"மாமி வெக்கையான நாட்டிலை இருந்து வந்தவா. அதுதான் அவாவுக்குக் குளிருது, மாமா," என்றார். அவர் வீட்டுக்குள் மழைக்கோட்டு போட்டிருந்தார். பேசும்போது வாயிலிருந்து புகை வந்தது.

"அப்ப நீர் பெட்டியோடை போய் இரும்," என்றாள் மனைவி பின்னாலிருந்து.

நான் பல வருடம் பத்திரிகையில் வேலை பார்த்தவன். ஒரு சம்பவம் முதலில் எப்போது நடந்தது என்று கேட்காமல் செய்தி எழுத முடியாது. இவ்வளவு நாளும் காற்றையும் குழாயையும் பற்றிப் பேசிய நாங்கள் அதை மட்டும் கேட்கவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது.

"இந்தக் குளிர் எப்ப தொடங்கினது?" என்று மனைவியிடம் கேட்டேன்.

"துடக்குக் கழிச்ச அடுத்த நாள்."

பிள்ளை பிறந்து முப்பத்தொரு நாள் துடக்கு, அதாவது தீட்டு. அதுவரை வீடு நல்ல சூடு.

"அதுக்குப் பிறகு ஒருநாளும் சூடாகேல்லையோ?"

"ஆகினது. பொயிலர் பாக்க ஒரு வெள்ளைக்காரன் வந்தவன். அண்டைக்கெண்டு பாத்து நல்ல சூடு. அவன் ஒண்டுமில்லை எண்டு சொல்லிப்போட்டுப் போட்டான். எனக்கு வெக்கமாப் போச்சுது."

"அது எந்த நாள்?"

"உங்கடை ஜெயபுரத்துப் பெரியப்பா செத்த அடுத்த நாள். மூண்டு நாள் சூடு. பிறகு பழையபடி."

எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதினேன். பிறப்புத் துடக்கு, சூடு. துடக்குக் கழிவு, குளிர். பெரியப்பா மரணம், தூரத்துமுறை என்பதால் மூன்று நாள் துடக்கு, மூன்று நாளும் சூடு. மறுபடி குளிர். துடக்கு நாட்களில் மனைவி செய்யாத காரியம் ஒன்று உண்டு. அது என்னவென்று எனக்குச் சட்டென்று தெரிந்தது. தாளை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு, ஒன்றும் விளங்கவில்லை என்று சொன்னால் போதும். வெள்ளிக்கிழமை அவள் விமானம் ஏறுவாள். சனிக்கிழமை மீன்குழம்பு. சொல்லவா வேண்டாமா என்று எத்தனை விநாடி யோசித்தேன் என்பதை இங்கே எழுத மாட்டேன். அதற்குள் மோட்டார்காரர் என் தோளுக்கு மேலால் தாளை வாசித்துவிட்டார்.

"அண்ணே, உங்க சொந்தத்துல யாராவது செத்தாத்தான் அந்த வீடு சூடாகும் போல."

"ஆரைப் பாத்துச் சொல்லுறார்?" என்றாள் மனைவி.

"வெள்ளிக்கிழமைக்குள்ள யாராவது இழுத்துக்கிட்டு இருக்காங்களா அக்கா?" என்று கேட்டுவிட்டு அவர் திடீரென்று சிரிப்பை நிறுத்தினார். "துடக்குன்னா நீங்க என்ன செய்ய மாட்டீங்க?"

"சாமிக்கு விளக்கேத்தமாட்டன். மற்ற நாளெண்டால் இராப்பகலா எரியும்."

அவர் போனைக் கையில் எடுத்தார். போன மாதம் மாங்குளத்தில் ஒரு வீட்டில் மோட்டார் வேலை செய்யாமல் நின்றதாம். மேலே தண்ணீர்த் தாங்கியில் மிதக்கும் பந்து தண்ணீரோடு உயர்ந்தால் மோட்டார் தானாக நின்றுவிடும். தாங்கியில் சொட்டுத் தண்ணீர் இல்லை. ஆனால் மூடி இல்லாத தாங்கிக்குள் தென்னையிலிருந்து பிஞ்சுக் குரும்பட்டி ஒன்று விழுந்து, பந்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தது. "பந்துக்கு டாங்கி நெறஞ்சிருச்சுன்னு நெனப்பு. மோட்டார் என்ன செய்யும், பாவம்? தம்பி, உங்க வீட்டுப் பந்தைக் காட்டுங்க."

மருமகன் போனுடன் முன்னறைக்குப் போனார். கதவு சாத்தியிருந்தது. சுவரில் பெட்டி தெரிந்தது. இருபத்துமூன்று. "கீழ இறக்குங்க," என்றார் மோட்டார்காரர். போன் இறங்கியது. பெட்டிக்கு ஒரு சாண் கீழே, சுவரில் அடித்த பலகைத் தட்டு. தட்டில் பிள்ளையார். பிள்ளையாருக்கு முன்னால் மூன்று திரியுடன் விளக்கு, நின்று நிதானமாக எரிந்துகொண்டிருந்தது.

"அந்தா இருக்கு குரும்பட்டி," என்றார் மோட்டார்காரர்.

சாமித்தட்டு முதலில் நடையில் இருந்ததாம். துடக்குக் கழித்த அன்று சாம்பிராணி போட்டதும் கூரையில் இருந்த புகைக்கருவி அலறி, பிள்ளையும் அலறி, தட்டை முன்னறைக்கு மாற்றினார்கள். கிழக்குப் பார்த்த சுவர் அது ஒன்றுதான். துளை போட்டு ஆணி அடித்தவர் மருமகன். புகை நடைக்குப் போகாமல் கதவைச் சாத்தி வைத்தவள் மனைவி.

"குளிர் கூடுதெண்டுதான் போன கிழமை இன்னொரு திரி போட்டு நேந்தனான்," என்றாள் அவள் மெதுவாக.

"போன கிழமைதான் அம்மா சரியான குளிர்," என்றாள் மகள்.

"அப்ப பிள்ளையாரே என்னைக் குளிரிலை விறைக்க வைச்சவர்?"

"இல்லக்கா," என்றார் மோட்டார்காரர். "அவர் அந்தப் பெட்டிய மட்டும் நல்லாப் பாத்துக்கிட்டாரு."

தட்டைக் கழற்றலாம் என்றார் மருமகன். மனைவி ஒத்துக்கொள்ளவில்லை. அன்று அட்டமி, அட்டமியில் சாமியை இடம் மாற்றுவார்களா? "அப்ப விளக்கையாவது நூருங்கோ மாமி." பிள்ளை இருக்கும் வீட்டில், பட்டப்பகலில், ஏற்றிய விளக்கை அணைக்கச் சொல்கிறாரே இந்த மனிசன் என்று அவள் எங்கள் எல்லோரிடமும் முறையிட்டாள். கடைசியில் பிள்ளையார் இருந்த இடத்திலேயே இருக்க, விளக்கு மட்டும் எதிர்ச்சுவருக்குப் போனது. கதவைத் திறந்து விட்டார்கள்.

மருமகன் பெட்டியைப் பார்த்து வாசித்தார். இருபத்திரண்டு. இருபத்தொன்று. இருபது. பத்தொன்பதில் பெட்டிக்குள் 'டிக்' என்றது. குசினியில் பொயிலர் பெருமூச்சு விட்டு உறுமத் தொடங்கியது. மோட்டார்காரர் கை தட்டினார். மகள், மருமகன், மனைவி மூவரும் ஆளுக்கொரு தகட்டில் கையை வைத்துக்கொண்டு, கோவிலில் நிற்பதுபோலக் கண்ணை மூடிக்கொண்டு நின்றார்கள்.

புதன்கிழமை அவள் தானாகவே அழைத்தாள். தொப்பி இல்லை, ஸ்வெட்டர் இல்லை. ஏதோ கடிதத்தை மடித்து விசிறிக்கொண்டிருந்தாள்.

"இஞ்சருங்கோ, இஞ்ச ஒரே வேர்வை. சித்திரை மாதம் வெளிவயலிலை நிக்கிற மாதிரிக் கிடக்கு. யன்னலைத் திறந்து விட்டிருக்கிறன்."

அவளுக்குப் பின்னால் மருமகன் சத்தமில்லாமல் வந்து யன்னலைச் சாத்திவிட்டுப் போவது தெரிந்தது.

"வெள்ளிக்கிழமை ரிக்கற்?" என்று கேட்டேன்.

"என்ன ரிக்கற்? பிள்ளை தனிய என்னெண்டு சமாளிப்பாள்? பங்குனிக்குப் பிறகு பாப்பம். நீங்கள் என்ன சாப்பிட்டனீங்கள்?"

"பருப்பு."

"நேற்று?"

"அதே பருப்பு."

"ஒரு முட்டையாவது பொரிச்சிருக்கலாமே," என்றாள். பிறகு திரும்பிப் பார்த்தாள். "ஆர் இந்த யன்னலைச் சாத்தினது?"

அதைத் திறக்கப் போனாள். போனைக் கதிரையில் வைத்துவிட்டுப் போனதால், நான் கொஞ்ச நேரம் லண்டன் வீட்டு முகட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு வைத்துவிட்டு முட்டை வாங்கப் போனேன்.