மூக்கை மாற்றுகிறவர்

மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் மூக்கில் கை வைப்பார். "கோவிச்சுக்காதீங்க சார்" என்று திரையில் நிற்கும் பந்தாட்டக்காரரிடம் சொல்லிவிட்டு, மூக்கை ஒரு சுற்றுப் பருக்க வைப்பார். வயதில் சின்னவன் என்றால், "பொறுத்துக்கப்பா தம்பி." பிறகு முடியை மாற்றுவார், தாடையை இழுப்பார், கடைசியில் பேரை அழித்துவிட்டு வாயில் வந்த பேர் ஒன்றை வைப்பார். இதிலே அவருடைய சொந்தப் பேரே போய்விட்டது. அலுவலகத்தில் எல்லாருக்கும் அவர் 'மூக்கு சார்'.

கால்பந்து வீடியோ கேம் செய்கிற கம்பெனியில் பதினோரு வருஷமாக முகம் வரைகிறவர். இத்தனை நாளும் நிஜ ஆட்டக்காரர்களின் முகத்தையும் பேரையும் போட்டுக்கொள்ள லீக்கின் உரிமம் இருந்தது. இந்த வருஷம் போட்டிக் கம்பெனி ஒன்று அது மொத்தத்தையும் தனக்கு மட்டும் என்று எழுதி வாங்கிக்கொண்டு போய்விட்டது. இனி இவர்களிடம் ஆட்டம் இருக்கலாம், ஆட்டக்காரர் இருக்கக் கூடாது. "பெத்தவளே பாத்தாலும் தெரியக் கூடாது" என்பது மேனேஜரின் உத்தரவு.

பெற்றவளுக்கு எங்கே போவது? தரை துடைக்க வருகிற அம்மாவைக் கூப்பிடுவார். பந்தாட்டம் என்றால் அந்த அம்மாவுக்கு உயிர். துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, "ஏன் சார், நம்ம கோணக்காலனுக்கு மீசை ஒட்டினா எனக்குத் தெரியாதாக்கும்?" என்பார். மறுபடி முதலிலிருந்து. ஒரே முகத்துக்கு ஆறு தடவைகூட ஆனதுண்டு.

முகம் மாற்ற வேண்டிய ஆட்டக்காரர்கள் கூட்டத்தில் மூக்கு சாரின் அக்கா புருஷனும் ஒருவர். இரண்டாம் டிவிஷன் கோல்கீப்பர். இந்த சீசனோடு கையுறையைக் கழற்றப் போகிறவர். அவர் ஆட்டத்தை டிவியில் காட்ட மாட்டார்கள். ஊர் கண்ணுக்கு அவர் முகம் தெரிகிற ஒரே இடம் மைத்துனனின் கேம்தான்.

"மாப்ளே, கடைசி வருஷம்டா. நான் இருக்கேன்ல?" என்று போனில் கேட்டார்.

"இருக்கீங்க அத்தான். இல்லாம எங்க போவீங்க?" என்று வாய் சொல்லிவிட்டது.

சொல்லிவிட்டுத்தான் அத்தானின் முகத்தைத் திரையில் திறந்தார். அன்றைக்கு மட்டும் மன்னிப்புக் கேட்க நாக்கு எழவில்லை.

துடைக்கிற அம்மா உற்றுப் பார்த்தார். "யாரு சார் இவரு? பேங்க்ல வேலை பாக்கிறவரு மாதிரி இருக்காரு."

முதல் தடவையிலேயே தேறிய முகம் அது ஒன்றுதான். எதைத் தொட்டால் அந்த ஆள் மறைவார் என்று அவருக்குத்தான் அவ்வளவு நன்றாகத் தெரியுமே. மேனேஜர் முதுகில் தட்டினார். மூக்கு சார் குழாயடிக்குப் போய் வெகுநேரம் முகம் கழுவினார். அப்போதாவது போன் செய்து சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. தப்புதான், எந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தாலும் தப்புதான்.

கேம் கடைக்கு வந்த ஞாயிற்றுக்கிழமை அத்தான் தன் டீமிலிருந்து நாலு பேரை வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டார். அக்கா தம்பியை சோபாவின் நடுவில் உட்கார வைத்தாள். ஆட்டம் தொடங்கியது. கோல் கம்பத்தின் கீழே யாரோ ஒருவர் நின்றார்.

"யோவ், உன் இடத்துல யாருய்யா நிக்கிறது?" என்று வந்தவர்களில் ஒருவர் சிரித்தார். "உன் மாப்ளே உன்னை பெஞ்சுல உக்கார வெச்சுட்டாரா?"

அக்காவுக்குப் பொறுக்கவில்லை. "இருக்காரு, இருக்காருன்னியேடா?"

"இன்னொரு கம்பெனி கேம்ல இருக்காருக்கா. அங்கதான் நிஜப் பேரு, நிஜ முகம் எல்லாம்."

"அப்ப அதைப் போடு."

"இந்த கேம் பெட்டியில அது ஓடாதுக்கா. அவங்க சொல்ற பெட்டியில மட்டுந்தான் ஓடும்."

அத்தான் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "விடுடி, அவன் வேலை அப்படி. இந்த ஆளும் நல்லாத்தான் பிடிக்கிறான், பாரேன்" என்றார். பிறகு கையிலிருந்த கன்ட்ரோலரை நீட்டினார். "இந்தா மாப்ளே, நீ ஆடு."

வாங்கிக்கொண்டவர் ஆடவில்லை. தலையைக் குனிந்து, முடிச்சே விழாத அதன் வயரில் முடிச்சை அவிழ்க்க ஆரம்பித்தார்.