அவன் வந்த காட்சி

இரண்டு வருடங்களுக்கு முன், மட்டக்களப்புப் பக்கம் செட்டிபாளையத்து வாவிக்கரையில் ஒரு திரைப்படத்துக்கு உதவி இயக்குநராக வேலை செய்துகொண்டிருந்தேன். போர்க்காலத்தில் காணாமல் போன மகனுக்காகக் காத்திருக்கும் தாயின் கதை. தாயாக நடித்தவர் நடிகை அல்ல; அதே ஊரில் மீன் விற்கிறவர்; எங்களையெல்லாம் ‘மனே’, அதாவது மகனே, என்றுதான் கூப்பிடுவார். அவருடைய மகனும் அந்த நாட்களில் கடைக்கென்று போனவன், இன்னும் வீடு திரும்பவில்லை. தெரிந்துதான் அவரைக் கேட்டோம். தெரிந்துதான் அவரும் சம்மதித்தார்.

எங்கள் கதையில் மகன் கடைசிவரை வரமாட்டான். படப்பிடிப்பு பாதியில் இருக்கும்போது தயாரிப்பாளர் வந்தார். காத்தான்குடியில் துணிக்கடை வைத்திருப்பவர், நல்ல மனிதர். “தம்பி, அழுதழுது வீட்ட போற சனம் அடுத்த ஆளக் கூட்டிவராது. பொடியன் வரட்டும்” என்றார். தியேட்டர்காரர்களும் அதையே சொன்னார்களாம். இயக்குநர் கொதித்துப்போனார். இரண்டு முடிவையும் எடுப்போம், எது நல்லதென்று பிறகு பார்ப்போம் என்று ஒருவழியாகச் சமாதானமானார்கள். மகன் வரும் காட்சி சரிவரக் கூடாது என்று நானும் இயக்குநரும் உள்ளுக்குள் வேண்டிக்கொண்டதுதான் உண்மை.

ஆனால் சரிவந்துவிட்டது. மகனாக நடித்த இளைஞன் படலையைத் திறந்துகொண்டு வந்தான். அந்த அம்மா நாங்கள் எழுதிக் கொடுத்த வசனத்தைச் சொல்லவே இல்லை. அவன் முகத்தைத் தடவினார். கையைப் பிடித்துக் கூட்டிப்போய்ச் சோறு போட்டார். அந்தச் சோறும் நண்டுக்கறியும் காலையில் அவரே தன் வீட்டில் சமைத்துக் கொண்டுவந்தவை. எங்களில் பலர் அழுதுவிட்டோம்.

வெளிச்சம் போதவில்லை, இன்னொரு தடவை எடுப்போம் என்றார் ஒளிப்பதிவாளர். அந்த இளைஞனை மறுபடி படலைக்கு வெளியே போய் நிற்கச் சொன்னேன். அம்மா அவன் கையை விடவில்லை.

“வந்த புள்ளய ஏன் மனே திரும்பப் போகச் சொல்றீங்க?”

அன்றைக்கு அத்தோடு நிறுத்திக்கொண்டோம்.

அந்தக் காட்சியை இயக்குநர் படத்தில் சேர்க்கவில்லை. தயாரிப்பாளரோடு மல்லுக்கட்டி, தன் பழைய முடிவிலேயே நின்றார். “உங்கட இஷ்டம்” என்று அவரும் மனம் நொந்து விட்டுக்கொடுத்தார். படம் சில தியேட்டர்களில் சில நாட்கள் ஓடியது. பார்த்தவர்கள் துணிச்சலான முடிவு என்று மெச்சினார்கள். எங்களுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

மட்டக்களப்பில் திரையிட்ட அன்று, அந்த அம்மா நல்ல சேலை உடுத்து, அயல் பெண்களையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். படம் முடிந்தது. கைதட்டினார்கள். எல்லோரும் எழுந்த பிறகும் அவர் மட்டும் திரையைப் பார்த்தபடி இருந்தார். இன்னும் மிச்சம் இருக்கிறதென்று நினைத்திருக்கிறார். கிட்டப் போனேன்.

“மனே, அவன் வந்தத நீங்க போடல்லயா?”

இதை முன்பே அவருக்குச் சொல்லவேண்டும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அவர்தான் என் தோளில் தட்டிவிட்டு எழுந்து போனார்.

அந்தப் படத்துக்கு அதுதான் சரியான முடிவு என்று இன்றைக்கும் நினைக்கிறேன். ஆனாலும் வியாபாரத்துக்கு வளையாமல் எடுத்த படம் என்று யாராவது மார்தட்டும்போதெல்லாம், வெறும் திரையைப் பார்த்துக்கொண்டு மகன் இனித்தான் வருவான் என்று இருந்த அந்த அம்மாவின் முன் நான் தலைகுனிந்து நிற்கிறேன்.