அப்பா பாஸான கண் டெஸ்ட்

துவாக்குடியில் அப்பா வெல்டராக இருந்த பட்டறை இப்போது ஸ்ரீரங்கம் போகிற பக்தர்களுக்கான ஏசி லாட்ஜ். போன வாரம் அப்பாவைக் கோயிலுக்குக் கூட்டிப் போகும் வழியில் அங்கே டீக்கு இறங்கினோம். வாசல் கைப்பிடிக்கு ஒருத்தன் வெல்டிங் வைத்துக்கொண்டிருந்தான். அந்தக் கருகல் வாசனை என்னைக் காட்டூர் வாடகை வீட்டில் கொண்டுபோய்ப் போட்டது.

நான் அப்போது நாலாம் கிளாஸ். அப்பாவின் சட்டையில் எப்போதும் அதே வாசனை. மணல் விழுந்த மாதிரி அவருக்குக் கண் உறுத்தும். அம்மா உருளைக்கிழங்கை வட்டமாக நறுக்கி இமை மேல் வைப்பாள். வருஷா வருஷம் பட்டறையில் கண் டெஸ்ட். தேறாவிட்டால் வேலை காலி. அப்பாவுக்குப் பார்வை மங்கிப்போன அந்த வருஷம் நான் டாக்டர் அறை வாசலில் நின்று, சுவர் அட்டையில் இருந்த எழுத்தையெல்லாம் நோட்டில் எழுதி வந்தேன்.

"கடைசி வரிசைய இன்னொரு தடவ சொல்லு பாப்பா."

"இதுகூட மனப்பாடம் ஆகலையா? சரியான மக்குப்பா நீங்க."

அப்பா சிரித்தார். டெஸ்டில் தேறினார். என்னால்தான் என்று தெரு பூரா பீற்றிக்கொண்டேன். அதற்கப்புறமும் மூன்று வருஷம் வெல்டிங் வைத்தார். மிச்சப் பார்வையும் அதில்தான் போனது.

சன்னதியில் கூட்டம் நெருக்கியது. அப்பா கைகூப்பியபடி, "பெருமாள் எப்படி இருக்காரு, சொல்லும்மா" என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் கூட்டம் எங்களை வெளியே தள்ளிவிட்டது.